கீழ்வேளூர் பக்கம் ஐந்து ஏக்கர் வயல்: நம்ம பக்கத்துக் கணக்கு நாகையில் செல்லுமா?

கவுந்தப்பாடியான் எழுதியது (வைகாசி, ஞாயிறு இரவு):

வணக்கமுங்க. ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேணும்.

மாசி மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்விட்டு, அப்படியே நாகூர் தர்காவுக்கும் சிக்கல் சிங்காரவேலர் கோயிலுக்கும் போனோம். சிக்கலில் இருந்து கீழ்வேளூர் போகும் வழியில் வண்டியை நிறுத்தி வயலைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் ஒரு மேடு இல்லை, ஒரு கல் இல்லை. நெல் அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்து பச்சைப்பசேல் என்று நிற்கிறது. தண்ணீர் கட்டுகிற ஆள் கிடையாது, மோட்டார் சத்தம் கிடையாது. டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஐந்து ஏக்கர் விலைக்கு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு எங்கள் ஊரில் ஒரு ஏக்கர்கூட வராது.

எனக்கு ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில், கீழ்பவானிப் பாசனத்தில் மூன்று ஏக்கர். வாய்க்கால் முறைக்கு நெல், அடுத்த பட்டத்துக்குக் கடலை, மேட்டில் கொஞ்சம் மஞ்சளும் கரும்பும். வாய்க்கால் நின்றாலும் கசிவுத்தண்ணீர் கிணற்றில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தக் கிணற்றை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அதே மாதிரி அங்கேயும் ஒரு போர்வெல் போட்டு, காவிரித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மூன்று போகம் எடுக்கலாமா? மஞ்சள் வருமா? அந்தப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ராசிபுரம் பெல்ட்வண்டி எழுதியது:

அண்ணா, நான் பதினோரு வருஷமாகத் தை பிறந்தால் அறுவடை வண்டியோடு அந்தப் பக்கம்தான் இருப்பேன். நமக்கு ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல்லில் இருந்து எத்தனையோ வண்டிகள் போகின்றன. டயர் வண்டி அங்கே புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் நடக்கும். அதை வைத்தே மண் எப்படி என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஏக்கர் என்று கேட்டால் சிரிக்கமாட்டார்கள், ஆனால் அவர்கள் கணக்கு மா. ஒரு மா என்றால் 33 செண்ட், இருபது மா ஒரு வேலி. உங்களுக்குச் சொன்ன ஐந்து ஏக்கர் அவர்கள் வாயில் பதினைந்து மா. விலை பேசும்போது மாவுக்கா ஏக்கருக்கா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த உளுந்து. அதற்கு யாரும் தண்ணீர் கட்டவில்லை என்று பார்த்தீர்கள், சரி. கட்டுவதற்கு அங்கே தண்ணீரே கிடையாது அண்ணா. சம்பா நெல் அறுப்புக்கு ஏழு நாள் பத்து நாள் முன்னால், நெல் நின்றுகொண்டிருக்கும்போதே, உளுந்தையும் பச்சைப்பயறையும் உள்ளே வீசிவிடுவார்கள். மண் மெழுகு பதத்தில் இருக்கணும். கால் வைத்தால் தடம் பதியணும், சேறு ஒட்டக்கூடாது. ஒரு நாள் முந்தினால் விதை அழுகும், இரண்டு நாள் பிந்தினால் முளைக்காது. நான் வண்டியை இறக்குகிறபோது செடி இரண்டு இலை விட்டிருக்கும். பெல்ட் போன தடத்தில் இருக்கிற செடி அத்தனையும் போச்சு. அதனால் வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு, போன தடத்திலேயே திரும்பி வா என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஒரு பெரியவர் தடத்தில் நசுங்கின செடியை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அதற்குப் பிறகு நான் வளைவில் வேகம் எடுப்பதில்லை.

அறுத்த பிறகு அந்தச் செடிக்கு மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும், தை மாசிப் பனியும்தான். பங்குனி வெயிலுக்குள் காய் முற்றிவிடணும். நீங்கள் பார்த்த பச்சை அதுதான். வைகாசியில் இப்போது போய்ப் பாருங்கள், அதே வயலில் பாளம் பாளமாக வெடிப்பு விட்டிருக்கும். முழங்கை உள்ளே போகும்.


தலைஞாயிறு மருமகள் எழுதியது:

நான் பிறந்தது சென்னிமலைப் பக்கம், கட்டிக்கொடுத்தது தலைஞாயிறு. பதினாறு வருஷம் ஆகிறது. அண்ணா எழுதியதைப் படித்ததும் என் அப்பா கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிணறு எங்கே?" என்று கேட்டார். மாமனார் ஒன்றும் சொல்லாமல் அடிபம்பில் ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே துப்பினார்.

அதுதான் முதல் வித்தியாசம். சென்னிமலையில் ஆயிரம் அடி போனாலும் கிடைப்பது கொஞ்சமாக இருக்கும், ஆனால் அது குடிக்கிற தண்ணீர். இங்கே கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் இருக்கிறது, வாயில் வைக்க முடியாது, பயிருக்கும் விட முடியாது. ஆழமாகத் தோண்டத் தோண்டக் கடல்தான். நாங்கள் குடிப்பதே கொள்ளிடத்தில் இருந்து குழாயில் வருகிற தண்ணீர்.

அதனால் எங்கள் ஊரில் மூன்று போகம் என்ற பேச்சே இல்லை. ஒரு போகம் சம்பா, அதன் காலில் உளுந்து பயறு, அவ்வளவுதான். அந்தச் சம்பாவையும் பெரும்பாலும் நடுவதில்லை. கோடை மழையில் புழுதி ஓட்டி வைத்துவிட்டு ஆவணி, புரட்டாசியில் நேரடி விதைப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அதில் முளைக்கும், வராவிட்டால் மழையில் முளைக்கும். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து பாசனத்தின் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஊர் ஊராக எத்தனை மதகு! 2024-ல் மேட்டூரே ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்த வருஷம் விதையை மூட்டையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தோம்.

மஞ்சள் கேட்டீர்கள். வேர் நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கார்த்திகையில் எங்கள் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.


மண்ணும் நீரும் (கோவை) எழுதியது:

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. பின்னணியைக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இணையத்தில் நாகை மாவட்டம் என்று தேடினால் வருகிற தகவலை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்து நாகை பிரிந்தது 1991-ல். திருவாரூர் 1997-ல் தனியானது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. இப்போது நாகை என்றால் நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் என்ற நாலு வட்டங்கள் மட்டும்தான். மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் கொள்ளிடக் கரையில் நல்ல நிலத்தடி நீர் உண்டு, பம்புசெட் வைத்துச் சம்பாவுக்கு முந்தின போகமான குறுவை நெல் எடுக்கிறார்கள். பழைய கட்டுரைகளில் நாகையில் குறுவை, அதை அறுத்த பிறகு நடுகிற தாளடி, கரும்பு என்று படித்திருந்தால் அதில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துக் கதை. காவிரி கடலில் கலக்கிற பூம்புகாரும் இப்போது அந்த மாவட்டத்தில்தான்.

இன்றைய நாகையின் பெரும்பகுதி வெண்ணாற்றின் பிள்ளைகளை நம்பி இருக்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது அல்லவா, அதில் வெண்ணாறு மறுபடி வெட்டாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று விரலாகப் பிரிந்து போகிறது. கவுந்தப்பாடியில் உங்கள் நிலம் சரிவில் இருக்கிறது. மேலே வாய்க்கால், கீழே பள்ளம், நடுவில் கிணறு. கசிவு இறங்கி வர ஒரு சரிவு வேணும். அங்கே சரிவே இல்லை. ஆற்றின் தண்ணீர் நின்றால், அதே ஆற்று வழியாகக் கடல் உள்ளே வரும். கடல் ஏறுவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் அந்த வயல்களில் பலவும் கடலைவிடச் சிறிது உயரத்தில்தான் இருக்கின்றன.

மழையையும் பாருங்கள். கோவையில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர். நாகையில் 1,300-க்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆடியில் தண்ணீர் இல்லை என்று சாலையில் உட்காருகிற அதே விவசாயி கார்த்திகையில் தண்ணீரை வடிய வைக்கச் சொல்லி நிற்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இது முரணாகத் தெரியும். அந்த நிலத்தில் ஒரு வருஷம் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வேதனை என்று தெரியும்.


பவானி ஆற்றோரம் எழுதியது:

எல்லாம் சரிங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம்ம பக்கம் பெருந்துறை, காங்கேயம் மேட்டு நிலமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. வெள்ளம் வருகிற வருஷம் கொள்ளிடத்தில் எத்தனை டிஎம்சி கடலுக்குப் போகிறது! கடலில் வீணாகப் போகிற தண்ணீரை மேலேயே நிறுத்தினால் எத்தனை ஊர் பிழைக்கும்? கடைமடை கடைமடை என்று சொல்லிக்கொண்டு கடலில் கொட்டுவது நியாயமா?


தலைஞாயிறு மருமகள் எழுதியது:

அண்ணா, உங்கள் வலி எனக்குத் தெரியும், என் அண்ணன் இன்னும் அந்த மேட்டு நிலத்தில்தான் இருக்கிறான். ஆனால் வீண் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு தாங்காது.

சித்திரை வைகாசியில் எங்கள் ஆற்றில் நிற்கிற தண்ணீரைக் கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். கடல் அப்படியே பல கிலோமீட்டர் உள்ளே வந்து நிற்கும். அதை மறிக்கத்தான் கடைசியில் இயக்கு அணை கட்டிப் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். பலகையில் ஓட்டை விழுந்தால் அந்த வருஷம் கரையோர வயல் போச்சு. மேலிருந்து நல்ல தண்ணீர் வந்து தள்ளினால்தான் உப்பு பின்னால் போகும். மண்ணில் ஏறிய உப்பைக் கரைத்து வெளியே எடுத்துப் போவதும் அதே தண்ணீர்தான். வெளியே போகிற தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற உப்பு எங்கே போகும்?

அப்புறம் மீன். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர்களிடம் கேளுங்கள், ஆற்றுத்தண்ணீர் கடலில் கலக்கிற வருஷம் முகத்துவாரத்தில் இறாலும் மீனும் எப்படி என்று சொல்வார்கள். எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு வயல் என்றால் பாதிப் பேருக்குக் கடல். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. அந்த இரண்டு மாதம் வயலிலும் வேலை இருக்காது, கடலிலும் இருக்காது. கடைத்தெருவே ஓய்ந்துபோய்விடும்.


மண்ணும் நீரும் (கோவை) எழுதியது:

காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்றும், 4 டிஎம்சியைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதென்றும் தனியாக ஒதுக்கி வைத்தது. சண்டை போட்ட மாநிலங்களுக்கு நடுவிலேயே ஆற்றுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைக்கவேண்டி வந்தது. அதைப் பவானிக்காரர் யோசித்துப் பார்க்கணும்.


நொய்யல் கடைக்கோடி எழுதியது:

நான் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறவன். மேலே இருக்கிறவர்கள் செய்வது கீழே எப்படி வந்து சேரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயத்தண்ணீரில் எங்கள் தென்னை ஓலை கருகியதும், மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியதும் என் கண் முன்னால் நடந்தது. நொய்யலும் காவிரியில்தான் கலக்கிறது. பவானி கூடுதுறையில் நாம் முழுக்குப் போடுகிற தண்ணீர், கொடுமுடி தாண்டி, கரூரில் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு இந்தத் தங்கச்சி வயலுக்குத்தான் போகிறது. அதில் நாம் என்ன கலந்து அனுப்புகிறோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். தண்ணீர் அளவு மட்டும் பேசினால் போதாது.


காங்கேயம் அரிசிமண்டி எழுதியது:

நிலம் வாங்கலாமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நெல்லைப் பற்றிச் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில் ஆலைகளுக்கு டெல்டா நெல் லாரி லாரியாக வருகிறது. நம்ம ஊர்ப் பெயர் போட்ட சிப்பத்துக்குள் இருக்கிற அரிசியில் அந்த மண் இருக்கிறது.

அங்கே பெரும்பாலும் அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில்தான் போடுகிறார்கள். 17 சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்கணும் என்பது விதி. தை மாதம் பனி, இடையில் ஒரு மழை, காய வைக்கக் களம் கிடையாது, சாலைதான் களம். நான் நெல் எடுக்கப் போன ஒரு வருஷம், நிலைய வாசலில் குவித்த நெல் மழையில் நனைந்து தார்ப்பாய்க்கு அடியிலேயே முளைவிட்டிருந்தது. நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா முளையை ஒரு பிடி அள்ளி என்னிடம் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு வருஷமும் 22 சதவீதம் வரை எடுக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான்.

தனியாருக்கு விற்றால் உடனே பணம், விலை குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு நாள் காத்திருக்க இடமும் தெம்பும் இருக்கிறவர் பிழைப்பார்.

வைக்கோலையும் மறக்காதீர்கள். நம்ம பக்கம் தீவனம் இல்லாத வருஷம் அங்கிருந்து வருகிற வைக்கோல் கட்டுதான் மாட்டைக் காப்பாற்றுகிறது. நாமக்கல் கோழித் தீவனத்துக்கு நாகைக் கருவாடு வருகிறது. அவர்கள் இல்லாமல் நமக்கு ஆகாது, இதை மனதில் வைத்துப் பேசணும்.


தலைஞாயிறு மருமகள் எழுதியது:

மாடு என்றதும் ஒன்று. உம்பளச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் அந்த ஊர் மாடு குட்டையாகத் தெரிந்தது. சேற்றில் இறங்கி உழும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. கால் குட்டை, குளம்பு உறுதி, முழங்கால் சேற்றில் மூச்சு வாங்காமல் நடக்கும். உப்புப் புல்லையும் மேயும். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும், நம்ம காங்கேயம் கன்று மாதிரியேதான். நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் சொந்தமானது.


உடுமலை லைன்மேன் எழுதியது:

நான் அந்த மாவட்டத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ஆனால் மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. எல்லா மாவட்டத்தில் இருந்தும் மின்வாரிய ஆட்களை அனுப்பினார்கள். எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு தென்னைக்குக்கூடத் தலை இல்லை.

ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் என்று புலம் புலமாக ஊர்கள். மற்ற இடமெல்லாம் களிமண், இந்த ஊர்கள் மட்டும் மணல் திட்டு. பழைய காலத்துக் கடற்கரை என்று அங்கே ஒரு வாத்தியார் சொன்னார். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புக்கு மேலே மிதந்து நிற்கும், சின்னக் குட்டை தோண்டினால் நல்ல தண்ணீர். அதை வைத்து மா, மல்லிகை, கடலை, சவுக்கு என்று தோட்டம் போட்டிருந்தார்கள். அம்பது வருஷத்து மாமரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. ஒருவர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, இது என் அப்பா வைத்தது என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு வழி வேணும் என்று அவரே கோடாலியை எடுத்து வெட்டினார்.

களிமண் வயலில் கம்பம் நடுவது பெரிய பாடு. குழி தோண்டத் தோண்டச் சேறு உள்ளே சரியும். நட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கம்பம் சாயும். லாரி இறங்காது, தோளில் வைத்து எட்டுப் பேர் வரப்பில் நடந்தோம். வீடு இழந்தவர்கள் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

வேலை முடிந்த ஒரு மாலை அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பார்த்தேன். 1930-ல் ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பி, ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இடம். நம்ம திருச்செங்கோடு புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினவர் அங்கே வந்து நின்றிருக்கிறார். சுற்றிலும் உப்பளம், அந்த நேரத்தில் அத்தனை பாத்தியிலும் கடல் கொண்டுவந்து போட்ட கறுப்புச் சேறு.


மண்ணும் நீரும் (கோவை) எழுதியது:

2004 சுனாமியில் மட்டும் அன்றைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல் உயிர்கள் போயின. வயல்களில் உப்பும் கடல் மண்ணும். இனி பத்து வருஷத்துக்கு ஒன்றும் விளையாது என்றார்கள். கடல் மண்ணைச் சுரண்டி எடுத்து, வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி, உழுது கலக்கி வடித்தார்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் அய்யா அங்கே தங்கி விவசாயிகளோடு வேலை செய்தார். 2005-ல் மழையும் நன்றாகப் பெய்தது. பல வயல்கள் ஒன்றிரண்டு வருஷத்திலேயே விளைச்சலுக்குத் திரும்பின. உப்பைக் கழுவியது நல்ல தண்ணீரும் வடிகாலும்தான்.

கவுந்தப்பாடி அண்ணாவுக்குச் சில விஷயம். மண்ணை ஒரு அடி, மூன்று அடி என்று இரண்டு ஆழத்தில் எடுத்துப் பரிசோதியுங்கள். மின்கடத்துத்திறன் 4-ஐத் தாண்டினால் உப்பு மண். கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர், அதற்குத்தான் ஜிப்சம். இரண்டும் வேறு நோய், ஒரே மருந்து போட்டால் காசு போகும். பக்கத்தில் இறால் குட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் கெடுகின்றன என்று காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பே கொடுத்தது. இன்றைக்கும் பக்கத்து நிலத்தில் உப்புத்தண்ணீர் நின்றால் உங்கள் நிலம் தப்பாது.


நொய்யல் கடைக்கோடி எழுதியது:

பத்திரத்தையும் பாருங்கள். அங்கே ஏராளமான நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். தலைமுறை தலைமுறையாகக் குத்தகையில் உழுகிறவர் இருப்பார். விற்கிறவர் கையில் இருப்பது பட்டாவா, குத்தகை உரிமையா என்று பாருங்கள். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்தது அல்ல.

இன்னொன்று, நம்ம ஊரில் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருந்து, நாமே இறங்கி வேலை செய்து, ஆள் போதாவிட்டால் கூலிக்கு அழைப்போம். அங்கே நிலம் வைத்திருந்தவர் ஒரு தெருவிலும், உழைத்தவர் ஒரு தெருவிலும் இருந்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நீங்கள் நிலம் பார்த்த அதே கீழ்வேளூர் வட்டம்தான். வெளியூரில் இருந்து நிலம் வாங்கி ஆளை வைத்து விவசாயம் பார்க்க நினைக்கிறவர், அந்த ஊரில் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வரணும் என்பது என் எண்ணம்.


கவுந்தப்பாடியான் எழுதியது (கார்த்திகை, புதன்):

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னியுங்கள். நீங்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு உடனே பதில் போடத் தோன்றவில்லை. நேரில் பார்க்காமல் பேசக்கூடாது என்று இருந்தேன். போன வாரம் மழையோடு மழையாகப் போய்விட்டு வந்தேன்.

மாசியில் நான் நின்ற அதே இடத்தில் நின்றேன். வயலும் வாய்க்காலும் ஆறும் ஒரே தண்ணீராக இருந்தது. விற்கிறவர் காட்டிய வயலில் நெல்லின் நுனி மட்டும் தெரிந்தது. அங்கிருந்து ஒரு பையனோடு பைக்கில் இயக்கு அணைக்குப் போனேன். பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் செந்நிறத்தில் ஆறு, இன்னொரு பக்கம் கடல் ஏறி வந்து நிற்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர் நனைந்துகொண்டே நிற்கிறார். பலகையை இப்போது தூக்கினால் கடல் உள்ளே வரும், கடல் வற்றுகிறபோது தூக்கினால்தான் வயல் தண்ணீர் வெளியே போகும் என்றார். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கப்போவதாகச் சொன்னார். நான் தூங்கவில்லை. இரண்டேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். பலகைக்கு அடியில் தண்ணீர் கிளம்புகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஆட்கள் டார்ச் அடித்து, மதகுச் சுவரில் ஈரக்கோடு எத்தனை விரல் இறங்கியது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விடிவதற்குள் நாலு விரல். அதற்குள் கடல் மறுபடி ஏறிவிட்டது, பலகையை இறக்கிவிட்டார்கள்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று நான் ராத்திரி விழித்திருக்கிறேன். எப்போது போகும் என்று விழித்திருந்தது இதுதான் முதல் தடவை.

மண் பரிசோதனையும் வந்துவிட்டது. மின்கடத்துத்திறன் மேல் மண்ணில் 3.1, மூன்று அடியில் 5.6. கிழக்கே இரண்டு வயல் தள்ளி இறால் குட்டை இருக்கிறது, மாசியில் நான் கவனிக்கவில்லை. வெண்மணிக்கும் போனேன். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

நிலம் வாங்கவில்லை. திரும்பும் வழியில் தலைஞாயிறு அம்மிணி வீட்டுக்குப் போனேன். அவர்கள் வயலும் தண்ணீரில்தான் இருந்தது. மாமனார் எனக்குக் குடை பிடித்து வரப்புவரை கூட்டிப் போனார். மழை நின்றதும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் அம்மிணி.


தலைஞாயிறு மருமகள் எழுதியது:

நேற்று மாலை வடிந்துவிட்டதுங்கண்ணா. ஒன்பது நாள் மூழ்கியிருந்தது. வெள்ளம் தாங்குகிற நெல் ரகமான சி.ஆர். 1009 சப் 1 போட்ட வயல் நிமிர்ந்துவிட்டது. வேறு ரகம் போட்ட நாலு மாவில் தோகை எல்லாம் சேறு ஒட்டி மஞ்சளாக நிற்கிறது. இரண்டு மா தேறும் என்று மாமா சொல்கிறார். மீதி இரண்டு மாவில் பக்கத்து வயல் நெற்குத்திலிருந்து தூர்களைப் பிரித்து நடப்போகிறோம்.


ராசிபுரம் பெல்ட்வண்டி எழுதியது:

அக்கா, தை கடைசியில் உங்கள் பக்கம் வருவேன். தேதியை முன்னாலேயே சொல்லுங்கள். போன தடத்திலேயே திரும்புகிறேன்.


கவுந்தப்பாடியான் எழுதியது:

சரிங்க அம்மிணி. உளுந்து வீசுகிற நாள் முடிவானதும் எனக்கும் ஒரு போன் போடுங்கள். மெழுகு பதம் எப்படி இருக்கும் என்று காலை வைத்துப் பார்க்கணும். வரும்போது வைக்கோலுக்கும் ஒரு லாரி பேசிக்கொண்டு வருகிறேன்.